நிலவியல் மின்னூலில் தமிழ்நிலம் எங்கே?

சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடக்கும் கருங்கல்லுக்கு உலக நிலவியலார் வழங்கும் பெயர் சார்னாக்கைட்டு. 1693இல் கல்கத்தாவில் இறந்துபட்டான் சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகன். அவன் கல்லறைமேற் பாவிய கல்லை ஆலண்டு என்னும் ஆங்கில நிலவியலார் ஆய்ந்தார்; அது சென்னைப் பக்கத்துப் பாறையினமே எனக் கண்டார்; 1893இல் கல்லின்கீழ்க் கிடந்தவன் பெயரையே கல்லுக்குச் சூட்டிவிட்டார். பாறை தமிழ்மலையது; பெயரோ புதைகுழியினது! அன்று கல்லை இழந்ததுபோல் இன்று கல்லைப் பற்றிய கல்வியையும் தமிழர் இழக்கப் போகின்றனரா என்பதே வினா.

நிலவியல் கற்பிப்பதற்கு மின்பல்லூடக நூலைப் போன்ற கருவி பிறிதொன்றில்லை. இதை மறுப்பார் பழமைப் பித்தரே. பல கோடி ஆண்டுகளில் இமயம் மடிந்தெழுந்த வரலாற்றை அச்சேட்டின் அசையாப் படம் எங்ஙனம் காட்டும்? மின்னூல் அதனை ஒரு மணித்துளியில் கண்முன் நிகழ்த்தும். மெலிதாய்ச் சீவிய பாறைத் துண்டை உருப்பெருக்கியின்கீழ்த் திருப்பத் திருப்ப நிறம் மாறும் வியப்பை, அக்கருவியே இல்லாத சிற்றூர்ப் பள்ளியிலும் காட்டும். கருவி நன்று, அதன் வாயில் எம்மொழி? அதன் கண்ணில் எந்நிலம்?

நடுவணரசு 2017இல் தொடங்கிய மின்கல்வித் தளத்தின் பெயர் 'தீக்சா'. பெயரிலேயே வடமொழி, போகட்டும். 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கட்டக்குறிகள் அச்சிடப்பெற்றன. திறன்பேசியைக் காட்டினால் காட்சி விரியும். நன்முயற்சியே. ஆயின் இனி வரவிருப்பது வேறு. 2025ஆம் ஆண்டு நடுவண் வரவுசெலவுத் திட்டத்தில் 'பாரதீய பாசா புத்தகத் திட்டம்' அறிவிக்கப்பெற்றது. பள்ளிக்கும் உயர்கல்விக்கும் இந்திய மொழிகளில் மின்வடிவ நூல்கள் வருமாம். அதற்கு முன்பே, அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 'அனுவாதினி' என்னும் மொழிபெயர்ப்புப் பொறியைக் களத்தில் இறக்கிவிட்டது. ஆங்கில நூலை ஒரு வாயில் இட்டால் மறுவாயில் தமிழ் வந்து விழும் என்று களிக்கின்றனர்.

எத்தகைய தமிழ் விழும்? பாறைகள் முறிந்து இடம்பெயர்வதற்கும் மாந்தன் செய்யும் பிழைக்கும் ஆங்கிலத்தில் 'பால்ட்டு' என்பது ஒரே சொல். பாறையடுக்குக்கும் உறங்கும் படுக்கைக்கும் 'பெட்டு' ஒன்றே. நிலமறிந்த ஆசிரியன் இடமறிந்து பிரிப்பான். நிலமறியாப் பொறி மலைக்குப் பிழையையும் பாறைக்குப் படுக்கையையும் தந்தால், பிள்ளை யாரைக் கேட்கும்? பொறியைத் திருத்தப் புலமையோர் இருந்தாலன்றோ பொறியால் பயன்!

இவ்விடத்து, "கலைச்சொற்கள் உலகப் பொதுவானவை, அவற்றை அப்படியே எழுதிவிடுவதே அறிவியல்" என்று ஒரு கூட்டம் புறப்படும். நிலவியலின் சொற்களைத் தோண்டிப் பார்த்தறியாதார் கூற்று அது. 'கெய்சர்' ஐசுலாந்து நாட்டு வெந்நீரூற்று ஒன்றன் பெயர். 'குவார்ட்சு', 'நைசு' என்பன செருமானியச் சுரங்கத் தொழிலாளர் வாயில் வழங்கியவை. 'கார்சுட்டு' சுலோவீனிய நாட்டுச் சுண்ணக்கல் மேட்டுநிலத்தின் பெயர். உறைந்த எரிமலைக் குழம்பின் இரு வகைக்கும் அவாயித் தீவினர் இட்ட பெயர்களே நூல்களில் நிற்கின்றன. உலகப் பொது என்று இவர்கள் வணங்கும் சொற்களுள் பல ஏதோ ஓர் ஊர்க் குடியானவனும் குழிவெட்டியும் பேசிய தாய்மொழிச் சொற்களே. அவர்கள் நாணவில்லை. தமிழன் மட்டும் நாணுவானேன்?

தமிழ்ச் சிற்றூர்களில் அச்சொற்கள் இல்லையா? வெங்கச்சங்கல், காக்காய்ப்பொன், செம்புரைக்கல், சுக்கான்கல், மாக்கல் என நிரல்நிரலாய் உண்டே! தென்மாவட்டச் செம்மணல் மேடுகளை ஆங்கில ஆய்வேடுகளே 'தேரி' என்று எழுதுகின்றன. வயிரத்துக்கு அடுத்த கடினமுள்ள குருந்தக்கல்லின் பெயரைத் தமிழிலிருந்து எடுத்தே ஐரோப்பியர் 'கொரண்டம்' ஆக்கினர். அந்தத் திரிபைத் தமிழ்ப் பாடத்துக்குள் மீண்டும் 'கொரண்டம்' என்றே எழுதும் கைக்கு என்ன பெயரிடுவது? தன் வீட்டுக் குடத்தைக் களவு கொடுத்துவிட்டு, அதையே கடையில் விலைக்கு வாங்கும் மடமையன்றோ இது!

கலையின் பெயரிலேயே குழப்பம் தொடங்குகிறது. பள்ளியில் 'புவியியல்' என்பது நாடு, ஆறு, தட்பவெப்பம் பற்றிய கல்வி. அரசு அலுவலகத்துக்குச் சென்றாலோ 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை' என்று பலகை தொங்கும். அங்கு அதே சொல் பாறையைக் குறிக்கும். ஈழத்தார் 'புவிச்சரிதவியல்' என்று பிரித்தறிந்தனர். பிரிவு நன்று; 'சரிதம்' வடசொல். நிலவியல் என்னும் செஞ்சொல் இருக்க, இத்தனை தடுமாற்றம் ஏன்? மின்னூலில் ஒரு சொல்லைத் தேடும் பிள்ளைக்கு இது சொற்போர் அன்று. தேடியது கிட்டுமா, கிட்டாதா என்பது.

கனடாவில் தீவன் ஏர்ல் என்னும் பேராசிரியர் 2015இல் நிலவியல் மின்னூலொன்று வெளியிட்டார். எவரும் விலையின்றிப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் அமைக்கலாம். அந்நூலின் எடுத்துக்காட்டுகளுள் மிகப் பல அவர் வாழும் மேற்குக் கனடாவின் மலைகளும் கடற்கரைகளுமே. தம் மாணவர் காலடியிலிருந்து பாடத்தைத் தொடங்கினார் அவர். அதனைத் தமிழாக்குவோர் கனடாவின் மலையை அப்படியே பெயர்த்து வைப்பாராயின், அவர் செய்ததை அறியாதவரே ஆவர். நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்தே சந்திராயன் 2க்கான ஆய்வுமண் உருவாக்கப்பெற்றது. அதைவிடச் சிறந்த முதற்பாடம் தமிழ்ப் பிள்ளைக்கு வேறுண்டோ?

மின்னூலுக்குக் கண் மட்டுமன்று, காதும் உண்டு. கிணறு வெட்டுவோர் ஒவ்வோர் அடுக்குக்கும் வழங்கும் பெயரை அவர் குரலிலேயே பதிக்கலாம். கல்லைத் தட்டி ஓசையால் உள்விரிசல் அறியும் கல்தச்சரைப் பேச வைக்கலாம். துளைப்பொறி வந்தபின் கைக்கிணறு வெட்டுவோர் அருகிவிட்டனர். மூத்தோர் மறைய மறைய, எந்த அகரமுதலியிலும் ஏறாத சொற்களும் உடன் மறைகின்றன. பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறையும் நிலவியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று எட்டிப் பாராமை பெருங்கேடு.

அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடல். அதன் பாறையில் உறைந்த கடலுயிரிகளை 1860களிலேயே வெள்ளையர் ஆய்ந்து, படம் வரைந்து, பெருந்தொகுதிகளாய் ஆங்கிலத்தில் அச்சிட்டனர். அதே சுண்ணக்கல்லை இன்று பைஞ்சுதை ஆலைகள் வெட்டியெடுக்கின்றன. தமிழ்ப் பிள்ளையின் மின்னூலுக்குப் படம்பிடிக்க வேண்டிய அடுக்குகள், படம்பிடிக்கப்படாமலே நாள்தோறும் சூளைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.