ஒத்துக்கொண்டால் முடிந்துவிடுமா?

நீதிமன்ற வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் அறிவுரை இது: "எதுக்குப்பா வாய்தா வாய்தான்னு அலையிற? குத்தத்த ஒத்துக்க. ஃபைனக் கட்டிட்டு வீட்டுக்குப் போ." அன்றைய கூலியை விட்டு, பஸ் பிடித்து வந்து நிற்கும் சேரி இளைஞனுக்கு அது விடுதலையாகவே தோன்றும். தலையாட்டிவிடுகிறான்.

அபராதத்தோடு அது முடிவதில்லை. காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தண்டனை முன்னால் வந்து நிற்கிறது. வன்கொடுமைப் புகாருக்குப் பதிலடியாகப் போடப்பட்ட எதிர்வழக்கு என்றால், அவனுடைய ஒப்புதலே எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகிறது.

மேல்முறையீடு செய்யலாமா? கீழ் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்பதை மட்டுமே மேல்முறையீட்டில் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375ஆவது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆவது பிரிவும் இதையே சொல்கிறது.

ஆனால் கதவு முழுதாக மூடப்படவில்லை. குற்றச்சாட்டு இன்னதென்று புரிந்து, மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் சொன்னால்தான் அது ஒப்புதல். அப்படி இல்லாதபோது, ஒப்புதலையே எதிர்த்துச் சீராய்வு மனு போடலாம். 1980இல் குஜராத்தின் உணவுக் கலப்பட வழக்கு ஒன்றில், பேரம் பேசிப் பெற்ற ஒப்புதலின் மீது தந்த தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது.

காலம் முக்கியம். அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், சீராய்வுக்கு 90 நாள். சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

எளிய மனிதர் கூண்டில் நிற்கும்போது, அவருக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா, குற்றச்சாட்டு புரிந்ததா என்று முதலில் கேட்பது நீதிமன்றத்தின் கடமை. மாணவர்களே, உங்கள் தெருவிலிருந்து யாருக்காவது சம்மன் வந்தால் கூடவே போங்கள். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?' என்று கேட்டால் அவர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "ஐயா, எனக்கு வக்கீல் வேணும்."