தொட்டியில் இருக்கும் வரைதான் அழகு

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீனோ ஆமையோ சலித்துப்போனால், அதைக் கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் காஞ்சிபுரத்தில் குளத்துக்கும் ஏரிக்கும் குறைவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: அது புண்ணியமில்லை என்பதே என் கட்சி.

அலங்கார மீன் கடைகளில் இப்போது கிரேஃபிஷ் விற்கிறார்கள். பார்க்க இறால் மாதிரி, நண்டுக்கு இருப்பதுபோல் முன்னால் இரண்டு கொடுக்கு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது பழைய பாடப்புத்தகத்து 'எக்ரெவிஸ்'. இந்தியாவுக்கு அது சொந்தமே இல்லை.

பிரான்சின் நாட்டு எக்ரெவிஸ் நிதானமான பிராணி. இலையுதிர் காலத்தில் இணை சேரும். முட்டைகளைத் தாய் குளிர்காலம் முழுவதும் வாலடியில் சுமக்கும். கோடை தொடங்கும்போதுதான் குஞ்சு பொரியும். அந்தக் குஞ்சு தாயாவதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். அமெரிக்காவின் சிவப்பு இனமோ, வெதுவெதுப்பான நீர் கிடைத்தால் சில மாதங்களிலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஒரு தடவைக்குச் சில நூறு முட்டை. நாட்டு இனத்தைக் கொல்லும் நோயையும் சுமந்து வரும். 1973-இல் ஸ்பெயினில் வளர்ப்புக்காக விட்டார்கள். அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. பளிங்குக் கோடு போட்ட இன்னொரு வகையில் எல்லாமே பெண்கள். ஆண் துணை இல்லாமலே பெருகும். குளத்தில் ஒன்றை விட்டாலே போதும்.

நம் ஊரிலும் இதே கதை நடந்திருக்கிறது. விரால், மழைக்காலம் பார்த்துப் புல் பூண்டுகளுக்கு நடுவே கூடு கட்டி முட்டையிடும். தாயும் தகப்பனும் சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் இருக்கும். 1952-இல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபி மீன் மழைக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் பருவமடைந்து, முட்டையை வாயில் வைத்துப் பொரித்து, வருஷத்தில் பல தடவை பெருகும். 1959-லேயே பரப்பக் கூடாது என்று தடை போட்டார்கள். தடை காகிதத்தில் இருந்தது, மீன் ஏரியில் இருந்தது. ஏழைக்கு மலிவான கறி என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஏரியில் விரால் விலை என்ன ஆயிற்று என்று சந்தையில் கேட்டுப் பாருங்கள்.

கிரேஃபிஷ் விஷயத்தில் எனக்குள்ள பெரிய பயம் வேறு. தண்ணீர் வற்றினால் சிவப்பு இனம் கரையில் வளை தோண்டி உள்ளே இறங்கி உயிர் பிழைக்கும். ஐரோப்பாவில் நெல்வயல் வரப்புகளையே துளைத்திருக்கிறது. நம் ஏரிகளுக்கு இருப்பது மண் கரை. நண்டு வளைக்கே மடை ஒழுகும் ஊர் இது.

ஆகவே, பேரன் பேத்திக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் வேண்டாமென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர்களும் விற்கும்போதே இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். மீன்வளத் துறை அறநிலையத் துறையோடு பேசி, ஒவ்வொரு குளப்படியிலும் ஒரு பலகை வைக்கலாம். செலவு அதிகமில்லை.