ஆயில் எஞ்சினை வீட்டிலேயே புதுப்பித்தல்

கிணற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் 5 குதிரைச் சக்தி ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைப்போர் இன்றும் அநேகர் உளர். மின்சாரம் எட்டாத நிலங்களில் அவ்வெஞ்சினே பயிருக்கு உயிர். நெற்பயிர் கதிர் வாங்கும் தருணத்தில் அது நின்றுவிடுமாயின், மெக்கானிக் வரும் வரையில் பயிர் காத்திராது. அப்பருவத்தில் நீர் தட்டினால் பதர் மிகும். பின்னர் எவ்வளவு பாய்ச்சினும் அந்த நஷ்டம் ஈடாவதில்லை. ஆதலின், எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையை நிலமுடையோரே கற்றுக்கொள்வது தகுமா என்பது ஆலோசிக்கத்தக்க விஷயமாகும்.

தகும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கழற்றிப் பூட்டுவதே வேலையென்று எண்ணுவோர் இதில் இறங்கலாகாது. அளப்பதே இதில் பிரதான வேலை. மற்றவை யாவும் அதற்குத் துணை.

காரணம் கூறுவேன். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கு கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று ஏறக்குறையப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அந்நெருக்கத்தால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது. ரிங்குகளும் வால்வுகளும் காற்றைக் கசியவிட்டால் போதிய சூடு பிறவாது. எஞ்சின் கிளம்ப மறுக்கும். நீலப் புகை, மசகெண்ணெய் விரைவில் குறைதல், மூச்சுக் குழாய் வழியே புகை வெளிவருதல் ஆகியவை இத்தேய்மானத்தின் அறிகுறிகள். கரும்புகை மட்டும் கண்டால் உடனே சிலிண்டரைத் திறக்க வேண்டாம். அடைபட்ட காற்று வடிகட்டியோ, பழுதான நாசிலோ காரணமாக இருக்கலாம்.

கிர்லோஸ்கர் ஏவி 1 எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். அதன் சிலிண்டர் குறுக்களவு 80 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டம் 110 மில்லிமீட்டர். வேகம் நிமிஷத்திற்கு 1500 சுற்று. கணக்கிட்டால் பிஸ்டன் நிமிஷத்திற்கு 330 மீட்டர் உராய்ந்து ஓடுகிறது. பத்து மணி நேரம் நீர் இறைத்தால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஆகும். இவ்வோட்டத்தில் சிறிது தூசி புகுந்தாலும் அது அரம் போல் தேய்த்துவிடும். அத்தேய்மானம் எங்கும் ஒரே சீராக இராது. மேல் ரிங் திரும்பும் இடத்தில் மிகுந்தும், அடியில் குறைந்தும், ஒரு பக்கம் அதிகமாகியும் துவாரம் கோணிவிடும்.

இவ்வாறு கோணிய சிலிண்டரில் புது ரிங்குகளை மட்டும் போட்டு, எஞ்சின் புதுப்பிக்கப்பட்டதாக மகிழ்வது கிராமங்களில் சாதாரணம். வட்டமான ரிங் வட்டமல்லாத துவாரத்தில் எவ்வாறு பொருந்தும்? சில வாரங்களில் பழைய புகையே திரும்பும். செலவழித்த பணமும் வீண். ஆகவே மேல், நடு, அடி என மூன்று இடங்களிலும், ஒவ்வோரிடத்தும் குறுக்கும் நெடுக்குமாக இருமுறையும் அளந்து, ஆறு அளவுகளையும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். உற்பத்தியாளர் கைப்புத்தகத்தில் கண்ட எல்லையை அவை மீறினால் லைனரையும் பிஸ்டனையும் சேர்த்தே மாற்றுக. புது ரிங்கையும் அப்படியே மாட்டலாகாது. அதனைத் துவாரத்தினுள் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாயிடைவெளியைப் பீலர் கேஜால் சோதித்தல் அவசியம்.

பூட்டும்போதும் அளவே வழிகாட்டி. பிஸ்டன் உச்சிக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை அறிய எளிய உபாயம் உண்டு. வால்வுகளில் படாதபடி மெல்லிய ஈயக் கம்பித் துண்டைப் பிஸ்டன்மீது வைத்து, ஹெட்டை இறுக்கிப் பிளைவீலைக் கையால் ஒருமுறை சுற்றுக. நசுங்கிய கம்பியின் கனமே அவ்விடைவெளி. பல்சக்கரங்களின் குறிகளைப் பொருத்துதல், கனெக்டிங் ராடின் மூடியைத் திசை மாறாது வைத்தல், போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குதல் ஆகியவற்றில் அவசரம் கூடாது.

இதெல்லாம் மெக்கானிக்கின் தொழில், நமக்கேன் என்பார் சிலர். அவர் கூற்றில் பாதி நியாயம் உண்டு. கிராங்க் ஷாப்ட்டைக் கடைவதும், எண்ணெய்ப் பம்பைச் சரிபார்ப்பதும் பட்டறைக்கே உரியவை. நாசிலைச் சோதிப்பதும் அங்கேயே நடக்கட்டும். அதிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகக்கூடியது. ஆனால் பிரித்தல், கழுவுதல், அளத்தல், வால்வு தேய்த்தல், பூட்டுதல் ஆகியவற்றை நிதானமுள்ள எவரும் வீட்டுத் தாழ்வாரத்திலேயே செய்யலாம். பட்டறைக்குப் போகும்போது, தன் எஞ்சினின் அளவு தெரிந்தவன் வேண்டாத சாமானுக்குப் பணம் கொடான். இதுவே பெரிய லாபம்.

தேய்மானத்தின் மூலத்தைக் களையாமல் எஞ்சினைப் புதுப்பிப்பதும் பயனற்றது. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாது விட்டால், புது லைனரும் பழைய கதியையே அடையும். புதுப்பித்த எஞ்சினை முதல் சில மணி நேரம் இலேசான பாரத்தில் ஓட்டி, மசகெண்ணெயை விரைவில் மாற்றுதலும் வேண்டும்.

இனி, கிராம அதிகாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. மைக்ரோமீட்டர், போர் கேஜ், இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குதல் சிரமம். வருஷத்தில் இரண்டு நாள் பயன்படும் கருவிக்கு யார் பணம் முடக்குவார்? ஒரு தொகுதியைச் சங்கம் வாங்கி, பொறுப்புள்ள ஒருவர் வசம் வைத்து, சிறு வாடகைக்குக் கொடுக்குமாயின் ஊர் முழுவதும் பயனடையும். அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும் நாட்களே இவ்வேலைக்கு ஏற்றவை. அடுத்த சாகுபடிக்கு மடை திறக்குமுன் தத்தம் எஞ்சின்களை அளந்து பார்த்து, அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுமாறு விவசாய அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.