பிந்தி வந்த சரியான விடை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. குரங்கு மீம்ஸ் போட்டுச் சிரித்தோம், சரி. ஆனால் பாணந்துறையில் விழுந்த அடி, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நுரைச்சோலையில் இருக்கிற 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றையும் நிறுத்தியதே, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மின்வலை 50 ஹேர்ட்ஸில் ஓடவேண்டும். அது குலைந்தால் இயந்திரத்தைக் காப்பாற்றும் முடிவை கருவியே எடுக்கும், கண்ணிமைக்கும் நேரத்தில். கொதிகலன், டர்பைன், கடல்நீர்ப் பம்பி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கவேண்டும். இங்கே பிந்தி வந்த சரியான விடை, பிழையான விடைதான்.

இப்படியான வேலைக்கு ஒரு நிரல்மொழி செய்வோம் என்றால் நம்மாட்கள் முதலில் எதைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள்? அரைப்புள்ளி வேணுமா, கட்டளைகள் தமிழிலா என்று. தமிழில் நிரல் எழுதப் பழக 'எழில்' இருக்கிறது, நல்ல விசயம். ஆனால் இங்கே கேள்வி வேறு: பல வேலைகள் ஒன்றாக ஓடும்போது ஒன்று செத்தால், ஒன்று பிந்தினால், மொழி என்ன சொல்லும்?

சாவுக்கு எர்லாங் பதில் வைத்திருக்கிறது. 1986இல் எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தொடங்கிய மொழி அது. ஒவ்வொரு வேலைக்கும் தனி நினைவகம், பேச்சு செய்தி மூலம் மட்டும். ஒன்று விழுந்தால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொன்று திரும்ப எழுப்பும். எங்கட கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 உருவாக்கி, 2019இல் 1.0 வெளிவந்த பாலரீனாவிலும் சமாந்தர வேலை இலக்கணத்திலேயே இருக்கிறது. அது வலைச்சேவைகளுக்கான மொழி. ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடுவதால், நினைவகத்தைக் கூட்டித் துப்புரவாக்க இடையில் நிற்கலாம். மில்லிசெக்கன் வாக்குறுதி அதன் வேலை இல்லை.

பிந்துவதற்கு? 1983இல் தரப்படுத்திய ஏடா மொழியில் நேரமும் காத்திருப்பும் மொழிக்குள்ளேயே உண்டு. நான் இன்னும் ஒருபடி மேலே கேட்கிறேன். ஒரு செயற்கூறு எழுதும்போதே 'இது 20 மில்லிசெக்கனுக்குள் முடியவேண்டும், முடியாவிட்டால் இதைச் செய்' என்று எழுதவைக்கவேண்டும். இரண்டாவது பாதி இல்லையென்றால் கம்பைலர் ஏற்கக்கூடாது.

'எந்த வன்பொருளில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்?' என்பீர்கள். தெரியாதுதான். ஆனால் பிந்தினால் என்ன செய்வது என்று எழுதுகிறவரை யோசிக்கவைக்க அதனால் முடியும்.

நுரைச்சோலை நின்றது ஒரு நொடியில். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒன்றரை மணிநேரம் கரண்ட் வெட்டு. பிந்துவதைப் பற்றி முதலிலேயே யோசிப்பது வீண்வேலை இல்லை.