அக்கிக்கு வந்த பெயர்

"ஏம்மா, நீ மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்லதானே இருந்தே? இதைக் கொஞ்சம் பாரு."

எலியட்ஸ் பீச்சில், ஷ்மிட் நினைவிடத்துப் பக்கத்தில் என்னை நிறுத்தி டீச்சர் போனை நீட்டினார். வயது 72. இன்சூரன்ஸ் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்பும் பக்கம். "மாப்பிள்ளைதான் அப்லோட் பண்ணினார். கூகுள்ல தேடியிருக்கார் போல. ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேசலை."

நோய்க்குறியீடு: ஏ60. பிறப்புறுப்பு ஹெர்பிஸ்.

டீச்சருக்கு வந்ததோ தொடை இடுக்கு வரை இறங்கிய அக்கி. டாக்டர் அவசரத்தில் ‘ஹெர்பிஸ்’ என்று மட்டும் எழுதி, இடத்தைக் குறித்திருக்கிறார். கோடிங்கில் இருந்த பிள்ளை இடத்தைப் பார்த்து முடிவு கட்டிவிட்டது. ‘ஜோஸ்டர்’ என்று இன்னொரு சொல் விழுந்திருந்தால் அக்கிக்கான பி02 ஆகியிருக்கும். சின்னம்மை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து, பல வருஷம் கழித்துக் கிளம்புவது அக்கி. மற்றது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், வைரஸே வேறு. காவி குழைத்து அக்கி எழுதும் வேளாருக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது.

டீச்சரின் கூச்சம் புரிகிறது. ஆனால் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கண்டது இதற்கு நேர்மாறு. நிஜமான ஏ60, ‘தோல் அலர்ஜி’ என்று முக்காடு போட்டுக்கொண்டு வரும். கௌரவமான குடும்பமாயிற்றே என்று டாக்டர் காட்டும் கருணை. கர்ப்பிணி விஷயத்தில் இந்தக் கருணை ஆபத்து. நிறைமாதத்தையொட்டி முதன்முறையாகத் தொற்றினால், சுகப்பிரசவத்தில் குழந்தைக்குப் பரவ 30 முதல் 50 சதவீதம் வாய்ப்பு. பழைய தொற்று என்றால் 1 சதவீதத்துக்கும் கீழே. இந்த வித்தியாசத்துக்கு ஐசிடி-10 என்ற இந்த நோய்க்குறியீட்டு முறையில் இடமே கிடையாது. ஏ60.0 என்றால் பிறப்புறுப்பு, ஏ60.1 என்றால் ஆசனவாய்ப் பக்கம், இடத்தைத்தான் சொல்லும். முதல் தடவையா, திரும்ப வந்ததா என்பதை டாக்டர்தான் கைப்பட எழுத வேண்டும்.

அரசு பால்வினை நோய் கிளினிக்குகள் இதில் தேவலை. மருந்துப் பொட்டலத்துக்கே நிறம் உண்டு: ஹெர்பிஸ் புண்ணுக்குச் சிவப்பு, மற்ற புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நீலம். கையில் எடுக்கும்போதே எது என்று முடிவு செய்தாக வேண்டும், மழுப்ப முடியாது.

"டாக்டரையே பார்த்துத் திருத்தச் சொல்லுங்க டீச்சர். வைட்னர் போடக் கூடாது. பழையது தெரியற மாதிரி ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து. கிளெய்மும் வந்துடும்."

"பணம் கிடக்கட்டும்மா. அந்தக் காகிதத்தை மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும். எப்படின்னு காட்டு."