சிட்டியும் சிட்டுக்குருவியும்

யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய நான் சங்க இலக்கியம் பற்றியே எழுதுவேனென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நான் எழுதப் புகுந்ததோ திரைப்படத்தைப் பற்றி. இதற்கு இம்மலர்தானா இடம் என மூத்தோர் வினவலாம். மாணவர் உள்ளத்திற் பாடநூலினும் ஆழமாகப் பதிவது திரைப்படமே ஆதலின், அதனை ஆராயாது விடுதல் ஆசிரியர்க்குத் தகாது.

நெறியாளர் ஷங்கரின் படங்களுக்கு நான் நெடுநாள் இரசிகன். 1993இல் வந்த ‘ஜென்டில்மேன்’, 1999இல் வந்த ‘முதல்வன்’ ஆகியவற்றை நம் கல்லூரித் தோழர்களோடு விடியுமட்டும் விவாதித்ததுண்டு. 2010இல் ‘எந்திரன்’ வந்தபோது அவர்பாற் கொண்ட மதிப்பு இரட்டித்தது. பொறியியலாளராகிய எழுத்தாளர் சுஜாதாவின் பங்களிப்பும் அப்படத்துக்கு இருந்தது. அவர் 2008இல் மறைந்துவிட்டார்.

சிட்டி என்னும் இயந்திர மனிதன், தீயிற் சிக்கிய பெண்ணொருத்தியைக் காப்பாற்றுகின்றான். ஆனால் உடையின்றிப் பலர்முன் கொணரப்பட்ட அவள் நாணத்தால் ஓடி, வாகனத்தில் அடிபட்டு மாள்கின்றாள். ஆற்றல் உண்டு, மானம் இன்னதென அறியும் உணர்வு இல்லை. உணர்வைக் கொடுத்தாலோ, அதனோடு காதலும் பொறாமையும் வந்துவிடுகின்றன. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் இந்த ஒழுங்கே விஞ்ஞானக் கதையின் உயிர். கற்பனை பறக்கலாம், பறக்குமுன் நிலத்தை உதைத்தெழ வேண்டும்.

2018 நவம்பரில் ‘2.0’ என்னும் பெயரில் அதே சிட்டி மீண்டும் வந்தான். முப்பரிமாணப் படப்பிடிப்பு கண்ணைக் கவர்ந்தது. பறவைகள்மேற் கொண்ட இரக்கமும் போற்றத்தக்கதே. ஆயினும் என் உள்ளம் சோர்ந்தது. தொலைபேசிக் கோபுரத்தில் உயிர்விட்ட முதியவரின் ஆவி, இறந்த பறவைகளின் ஆவியோடு கூடிக் கைத்தொலைபேசிகளைப் பறக்கச் செய்கின்றது. பேய்க்கதையைப் பேய்க்கதையென்றே சொல்லியிருப்பின் எனக்குக் குறையில்லை. அதற்கு விஞ்ஞான உடை போர்த்தியதே என் மனத்தாங்கல்.

கல்முனைப் பகுதியிற் கற்பிக்கும் நான், சிட்டுக்குருவியைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு ஒருமுறை பணித்தேன். கோபுரக் கதிர்களே குருவியினத்தை அழித்தன எனப் பலர் எழுதியிருந்தனர். ஆதாரம் கேட்டேன். “சேர், படத்திலே பறவை ஆராய்ச்சியாளரே சொல்கிறாரே!” என்றான் ஒருவன்.

உண்மை அவ்வளவு எளிதன்று. குருவியின் குறைவுக்குக் கோபுரக் கதிர்களே காரணமென உறுதிசெய்யப்படவில்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020இல் வெளியான அறிக்கை, பெருநகர்களிற் குருவி குறைந்தபோதும் நாடளாவிய அதன் தொகை ஏறத்தாழ நிலையாகவே உள்ளதெனக் கூறிற்று. கூடு கட்டக் கூரையிடுக்கு இல்லாத சீமெந்து வீடுகளும், குஞ்சுக்கு இரையாகும் புழு பூச்சிகளை அழிக்கும் கிருமிநாசினியும் ஆய்வாளர் சுட்டும் காரணங்களுட் சில. அவ்வீட்டைக் கட்டியவர் நாம். வயலுக்கு மருந்து தெளித்தவரும் நாமே. படமோ கோபுரத்தைச் சுட்டி நம்மை விடுவித்துவிடுகின்றது. ஆராயாது அளித்த தீர்ப்பின் விளைவைச் சிலப்பதிகாரம் கற்ற நாம் அறிவோம்.

இதனை நான் வற்புறுத்துவதற்கு எம் கரையின் துயரும் ஒரு காரணம். 2004 திசம்பர் 26ஆம் நாள், சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கியபின், ஆழிப்பேரலை எம்மை அடைய ஒரு மணித்தியாலத்திற்கு மேற்பட்ட அவகாசம் இருந்தது. அவ்வேளையில் எச்சரிக்கைச் சொல் ஒன்றேனும் எம்மை எட்டவில்லை. இனியொரு நாள் எச்சரிக்கை வருமாயின், அது கோபுரத்தின் வழியாக இக்கைத்தொலைபேசிக்கே வருதல் கூடும். விஞ்ஞானத்தின் சொல்லை நம்பி ஓடவேண்டிய கரை இது. மெய்யையும் பொய்யையும் ஒரே குரலிற் கேட்டுப் பழகிய பிள்ளை, அன்று எதனை நம்புவான்?

ஷங்கர்மேல் எனக்குப் பகையில்லை. பிறரிடம் நாம் ஏமாற்றம் அடைவதில்லை. அன்பு வைத்தவரிடமே அடைகின்றோம். அன்பர்களே, பிள்ளைகளோடு படம் பாருங்கள், மகிழுங்கள். வீடு திரும்பும் வழியில், “இதில் மெய் எவ்வளவு?” என்னும் ஒரு வினாவை மட்டும் கேட்டுவையுங்கள். நம் கல்லூரி நமக்குக் கற்பித்ததும் அவ்வினாவையே அன்றோ!