காதுக்கு எட்டாத ஆங்கிலம்

சோளகக் காற்று சற்றுத் தணிந்திருந்த ஒரு காலைப் பொழுதில், ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து அனலைதீவுக்குப் புறப்பட்ட படகில் நானும் ஒரு பயணியாக இருந்தேன். மரக்கறி மூட்டைகள், எரிவாயுச் சிலிண்டர்கள், ஆசிரியர்கள், சந்தைக்குப் போய் மீள்பவர்கள் என்று படகு நிறைந்திருந்தது. அவர்களிடையே ஒரு வெளிநாட்டுத் தம்பதியர். அந்தப் பெண்மணி, பக்கத்தில் அமர்ந்திருந்த பாடசாலை மாணவி ஒருத்தியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மாணவி சிரித்தாள். பெண்மணி மீண்டும் கேட்டார். மாணவி என்னைப் பார்த்தாள். பெண்மணி தமது குறிப்பேட்டை எடுத்து, கேள்வியை எழுதி நீட்டினார்: திரும்பிச் செல்லும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு, தீவில் மதிய உணவு கிடைக்குமா?

அடுத்த கணம் நடந்ததுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. மாணவி பேனாவை வாங்கி, அழகிய கையெழுத்தில், பிழையற்ற ஆங்கிலத்தில் மூன்று வரிகளில் விடை எழுதிக் கொடுத்தாள்.

"பிள்ளை, சாதாரண தரத்திலை ஆங்கிலத்துக்கு என்ன பெறுபேறு?" என்று கேட்டேன்.

"ஏ சித்தி, ஐயா."

"அப்ப அவ கேட்டது விளங்கேல்லையோ?"

"எழுத்திலை தந்தா விளங்கும் ஐயா. கதைச்சா எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது."

அவள் சொன்னதில் வெட்கம் இருக்கவில்லை. இருக்க வேண்டியதுமில்லை. பதினொரு ஆண்டுகள் ஆங்கிலம் படித்த ஒரு பிள்ளையின் காதுக்கு அந்த மொழி வெறும் சத்தமாக இருக்கிறதென்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள்.

அவளுடைய நிலை எனக்குப் புதிதன்று. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒருநாள், வெளிநாட்டு உதவி நிறுவனமொன்றின் அதிகாரி பேசிய கூட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். அவர் ஒரு கிராமத்தில் 15 வீடுகள் கட்டித் தரப்படும் என்றார். என் காதில் விழுந்தது 50. ஆங்கிலத்தில் அவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள ஒலி வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். மறுநாள் செய்தி வெளிவந்தது. இல்லாத முப்பத்தைந்து வீடுகளை நம்பி அலுவலகத்துக்கு வந்தவர்களின் முகங்கள் இன்றும் என் நினைவில் உள்ளன. திருத்தம் வெளியிட்டோம். ஆனால் திருத்தத்தை வாசித்து எவரும் வீடு பெறுவதில்லை.

என் தலைமுறையினர் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். கேட்டுக் கற்க எமக்கு வாய்ப்பில்லை, வானொலிச் செய்தியைத் தவிர. இன்றைய பிள்ளைகளுக்கு வாய்ப்புகள் உண்டு. ஆயினும் நாம் அவர்களைப் பரீட்சிக்கும் முறை அன்றிருந்த இடத்திலேயே நிற்கிறது.

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம். இவை யாவும் தாளில் தொடங்கித் தாளில் முடிபவை. மாணவர் ஒருவர் ஒரேயொரு ஆங்கிலச் சொல்லையும் காதால் கேளாமல் இப்பரீட்சைகளில் மிகச் சிறந்த சித்தியைப் பெற்றுவிடலாம். பொது ஆங்கிலப் புள்ளிகள் பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளியில் சேர்க்கப்படுவதில்லை என்பதால், உயர்தர வகுப்பில் அந்தப் பாடவேளை பௌதிகவியலுக்கோ பொருளியலுக்கோ கைமாறிவிடுவதும் நாம் அறிந்ததே. பரீட்சையில் வராதது வகுப்பில் வராது. இது ஆசிரியர்களின் குற்றமன்று. பரீட்சையைச் சுற்றியே முழுக் கல்வியையும் கட்டிவைத்திருக்கும் ஒரு நாட்டின் இயல்பு அது.

சரி, வாசிப்பையாவது ஒழுங்காகப் பரீட்சிக்கிறோமா? ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். "ஞெமலன் பூரட்டியில் சுளவடித்துத் தொகுலனைப் பிரட்டினான்." கேள்வி ஒன்று: ஞெமலன் எங்கே சுளவடித்தான்? விடை: பூரட்டியில். கேள்வி இரண்டு: அவன் யாரைப் பிரட்டினான்? விடை: தொகுலனை. வாசகர்களே, நீங்கள் முழுப் புள்ளிகளையும் பெற்றுவிட்டீர்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் பலர் ஆங்கிலப் பந்திகளுக்கு விடை எழுதும் முறை இதுவே. வினாவிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடு, அது உள்ள வரியைப் பெயர்த்து எழுது. தனியார் கல்வி நிலையங்கள் இந்த வித்தையைக் கற்பிப்பதில் தேர்ந்தவை. கட்டுரைகளும் கடிதங்களும் மனனம் செய்யப்படுகின்றன. இறுதியில் சான்றிதழ் கிடைக்கிறது. மருந்துப் போத்தலின் மேலுள்ள எச்சரிக்கையையோ, வங்கிக் கடன் பத்திரத்தின் சிறிய எழுத்துகளையோ விளங்கிக்கொள்ளும் ஆற்றல் கிடைத்ததா என்பதை எவரும் கேட்பதில்லை.

இதன் விலையைப் பிள்ளைகள் பின்னர் செலுத்துகிறார்கள். தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் சிறந்து விளங்கி மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ தெரிவாகும் மாணவர், முதலாம் ஆண்டின் முதல் வாரத்திலேயே ஒரு மணிநேர ஆங்கில விரிவுரையின் முன் அமர்த்தப்படுகிறார். பாடநூல் கையில் இருந்தால் அகராதியின் துணையோடு சமாளிக்கலாம். விரிவுரையாளரின் குரலை நிறுத்தி வைத்து அகராதி புரட்ட முடியாது. சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்துக்கு "கடுவ" என்றொரு பெயர் வழங்குகிறது. வாள் என்று பொருள். அந்த வாளின் வெட்டு முதலில் விழுவது காதில்தான்.

பிற நாடுகள் என்ன செய்தன? தென்கொரியாவில் ஒவ்வொரு நவம்பரிலும் நடைபெறும் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 45 வினாக்கள். அவற்றுள் 17 வினாக்கள் கேட்டு விடையளிப்பவை. அந்த ஒலி ஒலிபரப்பாகும் ஏறத்தாழ 35 நிமிடங்களுக்கு நாடு முழுவதும் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் நிறுத்தப்படுகின்றன. ஒரு பிள்ளையின் செவிக்கு ஓர் அரசு கொடுக்கும் மரியாதை அது. 2017 நவம்பர் முதல் அங்கு ஆங்கிலத்துக்கு ஒப்பீட்டுத் தரப்படுத்தலும் கைவிடப்பட்டுள்ளது. 90 புள்ளிகளோ அதற்கு மேலோ பெறும் எவரும் முதலாம் தரம். ஒருவரின் வெற்றி மற்றவரின் தோல்வியாவதில்லை.

யப்பானின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. 2006 ஜனவரியில் அங்கு தேசிய நுழைவுப் பரீட்சையில் கேட்டல் பகுதி சேர்க்கப்பட்டபோது, ஒவ்வொரு பரீட்சார்த்திக்கும் தனித்தனியே ஒரு சிறு ஒலிக்கருவியும் காதொலிப்பானும் வழங்கப்பட்டன. தலைநகரத்துப் பிள்ளைக்கும் தொலைதூரத் தீவுப் பிள்ளைக்கும் கிடைத்தது ஒரே ஒலி. 2021 முதல் அந்தப் பரீட்சையில் வாசிப்புக்கு 100, கேட்டலுக்கு 100 எனச் சமமாகப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. ஆனால் இடையில் ஒரு தவறும் நேர்ந்தது. தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஆங்கிலப் பரீட்சைகளையும் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படுத்தலாம் என்று அரசு திட்டமிட்டது. பரீட்சைக் கட்டணத்தையும் பயணச் செலவையும் வறிய பிள்ளைகளும் ஒதுக்குப்புறங்களில் வாழும் பிள்ளைகளும் எவ்வாறு தாங்குவார்கள் என்ற கேள்வி எழுந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் ஹகியுதா கொய்ச்சி, அவரவர் தத்தம் நிலைக்கேற்பப் போட்டியிடட்டும் என்ற பொருள்படப் பேசி, பெரும் கண்டனத்துக்கு ஆளாகி, மன்னிப்புக் கோரினார். 2019 நவம்பர் 1 ஆம் திகதி அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2021 இல் அடியோடு கைவிடப்பட்டது.

அந்த அமைச்சரின் வாசகத்தை நாம் இங்கு எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே நடைமுறைப்படுத்தி வருகிறோம்.

அனலைதீவை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் தமது நகரொன்றின் பெயரால் ரொட்டர்டாம் என்று அழைத்த தீவு இது. புகையிலைத் தோட்டங்களும் பனங்கூடல்களும் மீன்பிடியும் இதன் வாழ்வு. போர் இத்தீவின் மக்களைப் பல திசைகளுக்கும் சிதறடித்தது. இன்று ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளை தொலைபேசித் திரையில் ஆங்கிலம் பேசுகிறது. தீவில் இருக்கும் அதே வயதுப் பிள்ளை புன்னகைத்துவிட்டுத் திரையைத் தாயிடம் கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் ஆசிரியரின் நாளைப் படகின் நேரமே தீர்மானிக்கிறது. காற்றுக் கடுமையானால் அன்றைய பாடமும் கடலோடு போய்விடும்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிக ஒதுக்கீடும் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா அதில் அடங்கும். ஆனால் இவ்வொதுக்கீடுகள் மாவட்ட அளவிலானவை. எனவே அனலைதீவுப் பிள்ளை போட்டியிடுவது, யாழ் நகரின் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளோடு, அதே வெட்டுப்புள்ளிக்கு.

ஆகவே கேட்டல் பரீட்சை வேண்டும் என்று நான் எழுதும்போது, நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், எழுப்பிய ஆட்சேபம் நியாயமானதே. "நீர் கேக்கிற பரீட்சை வந்தா முதலிலை விழப்போறது உம்மடை தீவுப் பிள்ளையள்தான்" என்றார். உண்மை. ஆனால் அப்பரீட்சை வராவிட்டால் அப்பிள்ளைகள் விழாமல் நிற்பார்களா? நகரத்துப் பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம் கேட்கும் பெற்றோரும், பேச்சு ஆங்கில வகுப்புக்குக் கட்டணமும் உண்டு. பாடசாலை கற்பிக்காததை வீடு கற்பிக்கும். தீவுப் பிள்ளைக்குப் பாடசாலையை விட்டால் வேறு வழியில்லை. பரீட்சையில் இல்லாததால் பாடசாலையும் கற்பிப்பதில்லை. பரீட்சையின்மை அவளைக் காக்கவில்லை. அவளுடைய வீழ்ச்சியை நான்கு ஆண்டுகள் ஒத்திவைத்து, விரிவுரை மண்டபத்திலும் நேர்முகத் தேர்விலும் நிகழ்த்துகிறது. அங்கு விழுந்தால் தூக்கிவிட எவருமில்லை.

எனவே என் கருத்து இதுதான். உயர்தரப் பொது ஆங்கிலத்தில் அரைமணி நேரக் கேட்டல் பகுதியொன்று சேர்க்கப்பட வேண்டும். அதன் பெறுபேறு இஸட் புள்ளியைத் தொடக்கூடாது. இன்ன மட்டத்தில் விளங்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டு என்று சான்றிதழில் தனியே குறிக்கப்பட்டால் போதும். ஒலிப்பதிவில் எம்மவர் குரல்கள் வேண்டும். இலண்டன் வானொலி உச்சரிப்பு எதற்கு? வைத்தியர் மருந்து உண்ணும் முறையைச் சொல்வது, புகையிரத நிலைய அறிவித்தல், விரிவுரையின் ஐந்து நிமிடங்கள், தொலைபேசியில் ஒரு முகவரி, அந்தப் பதினைந்தும் ஐம்பதும். வாசிப்பு வினாக்களும் மாற வேண்டும். வரியைப் பெயர்த்து எழுத இடமளிக்காத, உய்த்துணர்ந்து விடை காண வேண்டிய வினாக்கள் தேவை.

வசதியில்லை என்பார்கள். சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் சாதாரண தரத்தில் செய்முறைப் பரீட்சை நடத்தும் நாடு இது. ஒரு மாணவியின் தாளத்தைக் கேட்டுப் புள்ளியிட ஏற்பாடு செய்ய முடிந்த திணைக்களத்துக்கு, ஓர் ஒலிப்பதிவையும் மின்கலத்தில் இயங்கும் ஒலிக்கருவியையும் படகில் ஏற்றி அனுப்ப முடியாதா?

எல்லாவற்றிலும் முக்கியமானது, முதல் ஐந்து ஆண்டுகளின் பெறுபேறுகள் கல்வி வலயம் வாரியாக வெளியிடப்பட வேண்டும் என்பது. ஆங்கில ஆசிரியர் எத்தனை மாதங்கள் இருந்தார் என்ற விபரமும் பக்கத்திலேயே அச்சிடப்பட வேண்டும். அப்போது தீவக வலயத்தின் பெறுபேறு யாருடையது என்பது தெரியும். பரீட்சை எழுதியவள் மாணவியாக இருக்கலாம். சித்தியடையாதவர்கள் அமைச்சிலும் திணைக்களங்களிலும் இருக்கக்கூடும்.

ஆங்கிலத்துக்காக வாதிடுவது தமிழுக்கு எதிரானது என்று எண்ணுவோருக்கு ஒன்று. 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலத்தை ஆழமாகக் கற்பித்தது. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளைதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அன்று மாலை திரும்பும் படகில் அந்தத் தம்பதியரை மீண்டும் கண்டேன். மாணவி எழுதிக் கொடுத்த தாளைப் பெண்மணி குறிப்பேட்டில் பத்திரமாக வைத்திருந்தார். இந்தப் பிள்ளை மிகவும் நன்றாக எழுதுகிறாள், ஏன் பேச மாட்டேன் என்கிறாள், கூச்சமா என்று என்னிடம் கேட்டார்.

கூச்சமில்லை அம்மா, அவளுக்கு அதை எவரும் கேட்கக் கற்பிக்கவில்லை என்றேன்.